கொற்றவனின் உயரமும் என் சூளுரையும்

தை 2

ஒன்பது நாள், பதினொரு மேடை. புதுக்கோட்டையில் தொடங்கிய பொங்கல் சொற்பொழிவுச் சுற்று இன்று முற்பகல் முசிறியில் முடிந்தது. தொண்டை புண்ணாகி இருக்கிறது. பெட்டியில் ஏழு பொன்னாடைகள். அலமாரியில் முன்பே இருப்பவற்றுக்கே இடமில்லை.

வாயிற்கதவைத் திறந்ததும் கொற்றவன் ஓடி வரவில்லை. மூலையில் சாக்கின்மேல் சுருண்டு கிடந்தான். வாலை மட்டும் இருமுறை அசைத்தான். தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த என் துணைவி தமயந்தியிடம் என்ன நேர்ந்தது என்று கேட்டேன். நூலைக் கோத்தபடியே, நேற்று அவனுக்குக் கருத்தடை அறுவை ஆயிற்று என்றார். ஏதோ ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்தது போலச் சொன்னார்.

பதினொரு வாரக் குட்டி. இரண்டு வீடு தள்ளியுள்ள ஒலிபெருக்கி ஆரோக்கியசாமியின் கொட்டகையில், ஐப்பசி மழைக்கு ஒதுங்கிய தெருநாய் ஒன்று பெட்டிகளின் பின்னே ஈன்ற இரு ஆண்குட்டிகளுள் ஒருவன். மற்றவனை ஆரோக்கியசாமியே வைத்துக்கொண்டு, தன் தொழிற்கருவியின் நினைவாக ஆம்ப்ளி என்று பெயரிட்டான். இவனைத் தமயந்தி மடியில் இட்டுக் கொண்டுவந்தபோது நான் வேண்டாம் என்றேன். நாயின்பால் எனக்குத் தனிப்பற்று ஏதும் இல்லை. பெயர் மட்டும் நான் வைத்தேன். தெரு அவனைக் கொத்து என்றே அழைக்கிறது.

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"டாக்டர் பர்வீன் கேம்ப் போட்டாங்க, கூட்டிட்டுப் போனேன். நீங்க ஊர்ல இருந்தா ஒரு வாரம் விவாதம் பண்ணுவீங்க. அதுக்குள்ள கேம்ப் முடிஞ்சிடும்" என்றார்.

வளரும் உயிரின் ஆண்மைச் சுரப்பை அகற்றினால் வளர்ச்சி என்னாகும்? வேரை அறுத்த செடி உயருமா? இதனை எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. படிக்கவேண்டிய தேவையும் இல்லை. அறிவுக்கே தெரியும்.

தை 3

எங்கள் ஊர்க் காணும் பொங்கல் விழா. எனக்கு இட்ட தலைப்பு 'உழவும் உயர்வும்'. உழவில்தான் தொடங்கினேன். ஏரில் பூட்டிய காளையிடம் வந்ததும் சொல் தானே திரும்பிவிட்டது. முப்பது ஆண்டு மேடைப் பழக்கத்தில் இப்படி நேர்வதுண்டு. நேர்ந்தால் நான் தடுப்பதில்லை.

"பதினொரு வாரக் குழவியின்மேல் கத்தி வைக்கிறார்கள். குட்டையாகவே நின்றுபோகும் ஓர் இனத்தை நம் தெருக்களில் உருவாக்குகிறார்கள்" என்றேன். கூட்டம் நிமிர்ந்தது. கூட்டம் நிமிர்ந்தால் நான் இன்னும் ஒருபடி ஏறுவேன்; அது என் இயல்பு. "என் வீட்டுக் குட்டி, அறுவை காணாத தன் உடன்பிறப்பின் உயரத்தை அடுத்த பொங்கலுக்குள் எட்டுமானால், இதே மேடையில் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் நிற்பேன். இது வேங்கைமாறனின் சூளுரை."

கையொலி ஓயக் கால்நாழிகை ஆயிற்று. மூன்றாம் வரிசையில் மருத்துவர் பர்வீன் அமர்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். ஏன் என்று விளங்கவில்லை.

தை 4

தமயந்தி மூன்று வேளையும் உப்புமா மட்டும் வைத்தார்.

தை 19

சான்று வேண்டும். தமயந்தியின் தையல் அளவுநாடாவைக் கேட்டேன். எதற்கு என்றார். உண்மைக்கு என்றேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாலு மணிக்குள் வேண்டும், ஒரு ரவிக்கைக்கு அளவெடுக்க ஆள் வருகிறது என்றார்.

தரையிலிருந்து தோள் மேடு வரை: கொற்றவன் பன்னிரண்டே முக்கால் அங்குலம். ஆரோக்கியசாமியின் கொட்டகைக்குச் சென்று ஆம்ப்ளியையும் அளந்தேன்: பதின்மூன்று. கால் அங்குல வேறுபாடு. பதினெட்டே நாளில் வெளிப்பட்டுவிட்டது.

அடுத்த பொங்கல் உரையை இன்றே எழுதி முடித்தேன். தலைப்பு 'வளர்ச்சியை வெட்டிய கத்தி'. எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். முடிவுரையை முதலில் எழுதுவதே என் வழக்கம். முடிவு உறுதியாக இருந்தால் இடையில் வருபவை தாமே அதை நோக்கி நடந்து வரும்.

மாசி 8

மருத்துவர் பர்வீன் சுடிதார் ஒன்றைத் தளர்த்தித் தைக்கக் கொண்டுவந்தார். நான் நாளிதழின் பின்னே இருந்தேன். அவர் என்னிடம் சினம் கொள்ளவில்லை. கொற்றவனின் தழும்பைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, எல்லாரும் நினைப்பதைத்தான் ஐயாவும் சொன்னார், ஆனால் அது நேர்மாறு என்றார்.

"எலும்போட ரெண்டு முனையிலயும் குருத்து மாதிரி ஒரு பகுதி இருக்குங்கய்யா. அங்கதான் எலும்பு நீளும். வயசு வந்ததும் அந்தச் சுரப்பு வந்து, போதும் மூடிக்கோன்னு சொல்லும். சீக்கிரமே எடுத்துட்டா மூடச் சொல்றதுக்கு ஆள் இல்ல. அது பாட்டுக்குக் கொஞ்ச நாள் கூட வளரும். குட்டையாகாது. ஏதாவது ஆனா, கொஞ்சம் நெட்டையா ஆகும்."

அப்படியானால் எல்லா நாய்க்கும் குட்டியிலேயே செய்யலாமே என்று மடக்கினேன். அது என் மேடைக் கேள்வி. பலர் இதில் விழுந்திருக்கிறார்கள். அவர் விழவில்லை. பெரிய இன நாய் என்றால் தாமே ஓராண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்வாராம். எலும்பு மூடுமுன் செய்தால் அவற்றுக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தொல்லை கூடுமாம். எடையும் ஏறுமாம், சோற்றைக் குறைக்கவேண்டுமாம். தெருவில் பிறந்து தெருவில் திரியும் நடுத்தர நாய்க்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஏழெட்டுக் குட்டி பிறந்து வண்டியில் அடிபடுவதைவிட இது நல்லது என்றார்.

ஓர் இளம்பெண்ணின் துணிவு என்று எண்ணிக்கொண்டேன். நாளிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று தமயந்தி பிறகு சொன்னார். அது பொய்யாக இருக்கலாம்.

பங்குனி 3

கொற்றவன் பதினைந்தரை. ஆம்ப்ளி பதினைந்தே முக்கால். உரையில் விட்ட முதல் இடத்தை நிரப்பினேன்.

குறிப்பு: இரவில் எதிர்பாராத மழை. சாக்கு ஈரமாகிவிட்டதால், சிவகங்கையில் போர்த்திய மஞ்சள் பொன்னாடையைத் தற்காலிகமாக அவனுக்கு விரித்தேன். அதன் ஓரம் முன்பே பிரிந்திருந்தது.

பங்குனி 4

அதன் ஓரம் பிரியவில்லை என்று தமயந்தி சுட்டிக்காட்டுகிறார். தையற்காரரோடு வாழ்வதில் இது ஓர் இடர்.

சித்திரை 11

மருத்துவரின் இரண்டாம் முகாம். தையில் நாற்பத்தாறு நாய்கள் வந்தன. இன்று மூன்று. ஆரோக்கியசாமி கடைத்தெருவெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவித்தும் மூன்று.

"உங்க வாய்க்கு முன்னாடி என் குழாய் எம்மாத்திரம்ணே" என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டபின் காப்பி கசந்தது.

வைகாசி 2

கொற்றவன் பத்தொன்பது. ஆம்ப்ளி பத்தொன்பது.

மீண்டும் அளந்தேன். பத்தொன்பது.

கொற்றவன் அளக்கும்போது நேராக நிற்கப் பழகிவிட்டான். நாடாவைக் கண்டதும் சுவரோரம் போய்த் தானே நிற்கிறான். நேர்மையான நாய். இது என் வழக்குக்கு உதவவில்லை.

வைகாசி 3

பிழை நாடாவில் இருக்கிறது. துணிநாடா, ஆறாண்டுப் பழையது, நாளெல்லாம் இழுத்து இழுத்து நீண்டிருக்கிறது. இதனைத் தமயந்தியிடம் எடுத்துரைத்தேன். அவர் மரத்தாலான துணிக்கோலை எடுத்து நாடாவின் பக்கத்தில் வைத்தார். ஆமாம், கொஞ்சம் நீண்டுதான் இருக்கிறது என்றார். நான் வென்றேன்.

பிறகு அவர், பற்களிடையே குண்டூசியைக் கவ்வியவாறு சொன்னார்: "நாடா நீண்டா அளவு கொறைச்சலாத்தாங்க காட்டும். அப்ப நாய் இன்னும் ஒசரம்."

இதனை நெடுநேரம் சிந்தித்தேன். அவர் சொல்வது சரி. அவரை மணந்த நாளில் தமயந்தி என்னும் வடமொழிப் பெயரை மாற்றி எழிலரசி என்று வைக்க முயன்றேன். அப்பன் வைத்த பெயர், துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம், பெயருக்கு என்ன ஒட்டு என்று கேட்டார். அன்றும் அவர் சொன்னதே சரியாக நின்றது.

ஆனி 20

கொற்றவன் இருபத்தொன்று. ஆம்ப்ளி இருபத்தொன்று.

ஆம்ப்ளி காலைத் தூக்கி என் வேட்டியை நனைத்தான். தெருவிலுள்ள தூண்கள் எல்லாம் அவனுடையனவாம். இரு நாள் காணாமற்போய்க் காது கிழிந்து திரும்பினான். ஆரோக்கியசாமி இரு நாளும் மிதிவண்டியில் தேடி அலைந்து, கூலி பேசிய கூட்டம் ஒன்றைக் கைவிட்டான். கொற்றவன் எங்கும் போவதில்லை. நான் பேச்சுக்கு ஒத்திகை பார்க்கையில் எதிரே அமர்ந்து முழுவதும் கேட்கிறான். ஒன்றரை மணி நேரம், கொட்டாவி இன்றி. கேட்போருள் இத்தகையோர் அரியர்.

ஆவணி 14

இடைவிடாத மழை. ஏழு பொன்னாடைகளுள் இரண்டைக் காணவில்லை என்று தமயந்தி கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

ஆவணி 16

தமயந்தி வேறோர் ஆளிடமிருந்து அறிந்துகொண்டதால் எழுதிவிடுகிறேன். தெருமுனைத் தேநீர்க் கடைச் செல்வத்தின் பெட்டைநாய், சாக்கடைச் சிறுபாலத்தின் கீழ் ஏழு குட்டி ஈன்றிருந்தது. நீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் அவ்வழியே தற்செயலாகப் போனேன். குடை ஒரு கையிலும் குட்டிகள் மறுகையிலுமாக மூன்று முறை போனது மட்டும் தற்செயல் அன்று. பச்சை ஆடையிலும் ஊதா ஆடையிலும் சுற்றிக் கடையின் விறகடுக்கில் வைத்தோம். ஏழனுள் ஐந்து பிழைத்தன.

செல்வத்திடம் சினந்தேன். சித்திரை முகாமுக்கு அந்த நாயை ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்டேன். அவன் கிளாசை அலசியபடி, எந்த மனத்தாங்கலும் இல்லாமல் சொன்னான்:

"நீங்கதானேய்யா மைக்குல சொன்னீங்க, வேணாம்னு."

மழை விட்டபின் வீடு வந்தேன்.

ஆவணி 17

மருத்துவர் பர்வீன் ஐந்து குட்டிகளுக்கும் ஐந்து வீடு பார்த்துவிட்டார். ஒன்று காவல் நிலையத்துக்குப் போகிறது. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்கு அறுவை செய்விப்பதாகச் செல்வம் ஒப்புக்கொண்டான். நீங்கள் மேடையில் சொன்னால்தான் செய்வேன் என்று முதலில் அடம்பிடித்தான். மேடை இப்போது இல்லை, தேநீர்க் கடைதான் இருக்கிறது என்று அங்கேயே நின்று பேசினேன். நான்கு பேர் கேட்டனர். ஒருவர் வடை வாங்க வந்தவர்.

புரட்டாசி 25

கொற்றவன் இருபத்திரண்டரை. ஆம்ப்ளி இருபத்திரண்டேகால்.

'வளர்ச்சியை வெட்டிய கத்தி' பதினான்கு பக்கம். எண்களுக்கு விட்ட இடங்கள் ஆறு. எந்த எண்ணை இட்டாலும் அடுத்த வரி நிற்க மறுக்கிறது.

கார்த்திகை 9

கொற்றவன் இருபத்து மூன்று. ஆம்ப்ளி இருபத்திரண்டேகாலிலேயே நின்றுவிட்டான். ஆம்ப்ளிக்கு நெஞ்சு அகலம், கழுத்துத் தடிப்பு. இவனுக்குக் கால்கள் நீளம். ஒட்டகச் சாயல் சற்று உண்டு, ஆயினும் அழகன். அரிசிச்சோறு குறைத்து மோர் சேர்க்கிறேன். எடை ஏறலாகாது என்று மருத்துவர் சொன்னார் அல்லவா.

மருத்துவரை வழியில் கண்டேன். நீங்கள் சொன்னது மெய்ப்பட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ, இரண்டே நாயை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, இந்தக் கால் நீளம் தாய் தந்தை வழியிலும் வந்திருக்கலாம், பல நூறு நாய்களைப் பார்த்தே தாம் அன்று பேசியதாகச் சொன்னார். தாம் வென்ற வழக்கைத் தாமே தளர்த்துகிறவரை இதுவரை நான் எந்தப் பட்டிமன்றத்திலும் கண்டதில்லை. அன்று ஏன் கைதட்டினீர்கள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் நீங்கள் பேசாமல் நிற்பதைப் பார்க்கத்தான் என்றார்.

மார்கழி 18

கோவையிலிருந்து அழைப்பு. தை 3 மாலை, பெரிய அரங்கு, மகிழுந்து அனுப்புகிறார்களாம். அழைப்பிதழில் என் பெயர் முதலில். தை 3 அன்று இங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆரோக்கியசாமியிடம் சொன்னேன். அவன் ஆம்ப்ளிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தான்.

"போயிட்டு வாங்கண்ணே. சனங்க மறந்திருக்கும். எவனாச்சும் கேட்டா மைக் ரிப்பேருன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றான். முப்பதாண்டு நண்பன். எனக்காகத் தன் கருவியின்மேல் பழி ஏற்கிறான்.

மார்கழி 19

ஒப்புதல் மடலை எழுதி உறையிலிட்டேன். அஞ்சல் நிலையத்துக்குத் தேநீர்க் கடை வழியே போகவேண்டும். செல்வத்தின் நாய் வயிற்றில் தழும்போடு வெயிலில் படுத்திருந்தது. விறகடுக்கில் என் பச்சை ஆடை இன்னும் கிடக்கிறது. செல்வம் கேட்டான், தை மூன்றுக்கு நிற்பீர்கள் அல்லவா என்று. நின்றால் தன் மைத்துனனும் இரண்டு பெட்டைநாய்களைக் கொண்டுவருவானாம். ஐயா மேடையில் சொன்னதை ஐயாவே மேடையில் திரும்ப எடுக்கவேண்டும் என்கிறானாம்.

சூளுரைப்படி அன்று வாய் திறக்க இயலாதே என்றேன். அது உங்கள் பாடு என்றான்.

வீடு திரும்பி, மடலைக் கிழித்து அடுப்பில் இட்டேன். அதனோடு 'வளர்ச்சியை வெட்டிய கத்தி'யையும். பதினான்கு பக்கமும் நன்றாக எரிந்தன; உயிருள்ள உரைநடை.

தமயந்தி என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்த்து மாட்டினார். அதில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்ததையும் தைத்துவிட்டார்.

தை 3

மாலை ஆறு மணி. கூட்டம் மிகுதி. யாரும் மறக்கவில்லை. ஒருவர் மணிக்கூண்டுக்கு அடியில் நின்று நேரம் பார்க்கவே வந்திருந்தார்.

மேடையேறி ஒலிவாங்கியின் முன் நின்றேன். ஆரோக்கியசாமி அதனை வழக்கம்போல் என் வாய்க்கு நேராகச் சரிசெய்தான். அதன்பின்தான் நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். கொற்றவன் என் காலடியில் அமர்ந்தான்.

முதல் பத்து நிமிடம் சிரிப்பு. "ஐயா, சத்தமாப் பேசுங்க, பின்னாடி கேக்கல" என்றது ஒரு குரல். எனக்கே சிரிப்பு வந்தது, உதட்டை இறுக்கிக்கொண்டேன். அடுத்த பத்து நிமிடத்தில் சிரிப்பு வற்றியது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இது எதற்கான போராட்டம் என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது. காவிரிக்கு என்றார் ஒருவர். விலைவாசிக்கு என்றார் மற்றொருவர். அப்போதுதான் உறைத்தது: நான் நிற்பதால் மட்டும் சென்ற தையில் விதைத்த சொல் திரும்பப் பெறப்படாது. அதனை எடுத்துரைக்க ஒரு வாய் வேண்டும். என் வாயோ பூட்டப்பட்டிருக்கிறது. செல்வத்தின் மைத்துனன் இரண்டு நாய்களோடு கூட்டத்தின் ஓரம் நின்றான். கடிகாரத்தைப் பார்த்தான். கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

என் முப்பதாண்டு மேடை வாழ்வில் இவ்வளவு சொற்கள் ஒருங்கே தொண்டைவரை வந்து நின்றதில்லை.

அப்போது பக்கவாட்டுப் படியில் தமயந்தி ஏறி வந்தார். கழுத்தில் அளவுநாடா. கையில் ஆம்ப்ளியின் கயிறு. இருபத்தாறு ஆண்டு மணவாழ்வில் அவர் என் மேடைக்கு வந்ததில்லை, முன்வரிசையில்கூட அமர்ந்ததில்லை. என்னைப் பார்க்கவில்லை. தரையில் மண்டியிட்டு நாடாவை நீட்டினார். கொற்றவன் பழகியபடி எழுந்து நேராக நின்றான். ஆம்ப்ளியை ஆரோக்கியசாமி ஓடிவந்து பிடித்துக்கொண்டான். அளந்தார். எழுந்தார். ஒலிவாங்கியைத் தம் உயரத்துக்குத் தாழ்த்தச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே தாய்க்குப் பொறந்தது. ஆபரேஷன் பண்ணது கொத்து. இருபத்தி மூணேகால் அங்குலம். பண்ணாதது ஆம்ப்ளி. இருபத்தி ரெண்டேகால். நாடா கொஞ்சம் இழுவைதான். அதனால நெசமான ஒசரம் இன்னும் கூடத்தான் இருக்கும்."

நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"போன வருசம் இவரு இங்க சொன்னது தப்பு. அதுக்காகத்தான் நிக்கிறாரு. பெரிய சாதி நாய் வச்சிருக்கவங்க டாக்டரைக் கேட்டுட்டு, அவங்க சொல்ற வயசுல செய்யுங்க. மத்தவங்க கீழ இருக்கிற டாக்டர் மேசையில பேரு குடுங்க. அவ்வளவுதான்."

ஒரு நிமிடம்கூட ஆகியிராது. அடுக்குச்சொல் இல்லை, உவமை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. கையொலி எழுந்தது. அதன் நீளத்தை நான் அளக்கவில்லை. அளந்திருந்தால் எனக்கு மனம் நொந்திருக்கும்.

இன்னும் முப்பத்து மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. நின்றேன். மேடைமேல் இருந்து மருத்துவரின் மேசை நன்கு தெரிந்தது. முதல் ஆள் செல்வத்தின் மைத்துனன். அவன் பின்னால் வரிசை நீண்டு, கரும்புக் கடையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மூன்றாவது ஆளாக ஆரோக்கியசாமி நின்றான், ஆம்ப்ளியோடு. கொற்றவன் என் பாதத்தின்மேல் தலைவைத்து உறங்கிவிட்டான். கால் மரத்தது. அசைக்கவில்லை.

ஏழு மணிக்குத் தமயந்தி கீழிருந்து கையசைத்தார். நேரம் முடிந்தது, பேசலாம் என்று பொருள். ஒலிவாங்கி இன்னும் அவர் உயரத்திலேயே இருந்தது. குனிந்தேன். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. "நன்றி" என்றேன்.

தை 4

ஐம்பத்தெட்டுப் பெயர்கள். மருத்துவருக்கு இன்னொரு பதிவேடு வாங்க நேர்ந்தது.

விழாக் குழுவினர் நேற்றுத் தமயந்திக்கு ஒரு பொன்னாடை போர்த்தினர். அரக்குச் சிவப்பு, நல்ல நெசவு. வீட்டுக்கு வந்ததும் அவர் அதனை விரலால் நெருடிப் பார்த்தார். சட்டை தைக்க ஆகாது என்றார். மூலையில் விரித்துவிட்டார்.

கொற்றவன் அதில் படுத்திருக்கிறான். தலையை உள்ளே இழுத்துப் பார்த்தான், முதுகை வளைத்துப் பார்த்தான், இரண்டு முறை எழுந்து சுற்றிப் படுத்தும் பார்த்தான். ஆடை போதவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் தரையில் நீண்டு கிடக்கின்றன. சிவகங்கை மஞ்சளை எடுத்துவந்து அவற்றின்மேல் போர்த்திவிட்டு இதனை எழுதுகிறேன்.